நூலகத்தில வேலை, ஊருக்கே தெரியும்: இந்த முறை வாசிப்பு மாதத்துக்குக் கதை சொல்லவேண்டாமாம்

பாலைப்பழம் (இழையைத் தொடங்கியவர்)
புதன், இரவு 9.40

வணக்கம். கனகாலமா இஞ்ச வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், எழுதுறது இதுதான் முதல்தரம். நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வன்னியில ஒரு பிரதேச சபை நூலகத்தில நூலக உதவியாளரா இருக்கிறன். எந்தச் சபை எண்டு கேக்காதேங்கோ. ஏ9 இல இறங்கி இன்னொரு பஸ் எடுக்கிற ஊர், அவ்வளவும் காணும். வயசு 34, இதே கட்டடத்தில 11 வருசம். நான் தன்பாலீர்ப்புள்ள ஆள். அதை ஒளிக்கிறதை விட்டு நாலு வருசமாகுது.

ஒளிக்கிறதை விட்டனான் எண்டால் மைக் பிடிச்சுச் சொன்னதில்லை. அம்மா ஒரு சாதகத்தைக் கொண்டுவந்து மேசையில வைச்சா. அது ஏழாவது சாதகம். பாவம் அந்தப் பிள்ளை எண்டு நினைச்சு, அம்மாவுக்கு உள்ளதைச் சொன்னன். நான் சொன்னது ஒரு ஆளுக்கு. அம்மா சொன்னது சின்னம்மாவுக்கு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முதல் ஊரே அறிஞ்சிட்டுது.

ஒருநாள் காலமை, பேப்பர் பாக்க வாற ஐயா ஒராள் இரவல் மேசையில கையை ஊண்டிக்கொண்டு, "தம்பி, சனம் கதைக்கிறது உண்மையோ?" எண்டு கேட்டார். "ஓம் ஐயா" எண்டன். கொஞ்சநேரம் என்னைப் பாத்தார். பிறகு, "சரி, வீரகேசரி வந்திட்டுதோ?" எண்டார். நான் வெளிய வந்த கதை அவ்வளவுதான்.

அதுக்குப் பிறகு ரெண்டு பேர் புத்தகத்தை என்ர கையில தராமல் மேசையில வைச்சிட்டு நிப்பினம், திகதி முத்திரை குத்தினாப்போல எடுப்பினம். ஒரு மனுசி முந்தி "தம்பி" எண்டவ, இப்ப "சேர்" எண்டுறா. மற்றும்படி வேலை வேலைதான்.

பிரச்சினை இதுதான். ஒக்ரோபர் வாசிப்பு மாதத்தில ஒவ்வொரு சனியும் சிறுவர் பகுதியில நான்தான் கதை சொல்லுறனான், ஆறு வருசமா. உரப்பையில தைச்ச முதலை ஒண்டு வைச்சிருக்கிறன், வாய் திறந்து மூடும், கண்ணுக்கு சோடா மூடி. இந்த முறை ஆரோ சபைக்கு மொட்டைக் கடிதம் போட்டிருக்கினம். சபையில எனக்கு மேல இருக்கிறவர் என்னைக் கூப்பிட்டு, "உமக்கெதிரா எனக்கு ஒண்டும் இல்லை, ஆனா இந்தமுறை சிறுவர் பகுதிப்பக்கம் நிக்கவேண்டாம்" எண்டு வாயால சொல்லியாச்சு. கடிதத்தைக் காட்டவும் இல்லை.

வேற சபைக்கு இடமாற்றம் கேட்டுப் போறதோ, இருந்து கேள்வி கேக்கிறதோ? அனுபவமுள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

முறிகண்டிக்கச்சான்
புதன், இரவு 9.58

எழுத்தில தரச்சொல்லுங்கோ. அரச கந்தோரில எழுத்தில இல்லாதது ஒண்டும் நடக்கேல்லை. இதைக் கேட்டவுடன முக்கால்வாசிப் பேர் பின்வாங்குவினம்.

வைரவர்சூலம்
புதன், இரவு 10.21

நான் நேர கதைக்கிறன், கோவிக்கக்கூடாது. நீங்கள் ஆரோட என்ன செய்யிறியள் எண்டது உங்கட பாடு. ஆனா அது சின்னப்பிள்ளையள் வாற இடம். இந்த மண்ணில எவ்வளவத்தைக் குடுத்து மிஞ்சின பிள்ளையள். தாய்தேப்பன் பயப்பிடுறதில என்ன பிழை? எங்கட கலாசாரத்தில இல்லாததைக் கொண்டுவந்து நூலகத்துக்குள்ள இருத்தவேண்டாம்.

மட்டுறுத்துநர்
புதன், இரவு 10.50

இதற்குக் கீழே வந்த இரண்டு பதில்கள் நீக்கப்பட்டுள்ளன. மாற்றுக்கருத்து இருக்கலாம், வசைச்சொல் இருக்கக்கூடாது. அடுத்த தடவை கணக்கு முடக்கப்படும்.

மல்லாவிஅன்ரி
வியாழன், காலை 5.35

அடுப்பில தண்ணி வைச்சிட்டு எழுதுறன். எனக்கு மூண்டு பிள்ளையள், கடைசி ஆள் ஆண்டு 4. எங்கட ஊர் நூலகத்துக்கும் போறவள்.

தம்பி, உங்கட விசயம் எனக்கு முழுசா விளங்காது. விளங்கித்தான் ஆகவேணும் எண்டும் இல்லை. ஆனா வைரவர்சூலத்துக்கு ஒண்டு சொல்லவேணும். நாங்கள் பொம்பிளைப்பிள்ளையளை ஆரிட்ட விடப் பயப்பிடுறம் எண்டது எங்களுக்குத் தெரியும். மாமன் முறையில வாறவை, ரியூசன் வாத்தி, வான்காரன். அவையில எல்லாரும் கலியாணம் கட்டின ஆக்கள்தான். அதுக்கு ஒரு மொட்டைக் கடிதமும் போறேல்லை. எல்லாரும் பாக்கத்தக்கதா, கதவு திறந்த மண்டபத்தில, முதலைப் பொம்மையோட இருந்து கதை சொல்லுற பெடியனிலதான் பயம் வருதோ?

மொட்டைக் கடிதத்துக்கு மருந்து பேர் போட்ட கடிதம். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாற தாய்மார் அஞ்சு பேரிட்ட கேட்டுப் பாருங்கோ. கிராம அலுவலரிட்டப் போற மாதிரி அடையாள அட்டை இலக்கமும் போட்டுக் குடுக்கட்டும். அஞ்சுபேர் கிடைக்காட்டி அதுவும் ஒரு பதில்தான், அப்ப யோசிக்கலாம்.

கறுப்புக்கோட்டு
வியாழன், மதியம் 1.12

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். இது பொதுவான விளக்கம் மட்டும். உங்கள் விடயத்துக்கு ஒரு சட்டத்தரணியை நேரில் பாருங்கள்.

1883 இன் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365அ என்று, தன்பாலினருக்கிடையிலான உறவைக் குற்றமாக்கும் இரண்டு பிரிவுகள் இன்னமும் இருக்கின்றன. முதலாவதுக்கு 10 வருடம் வரை, இரண்டாவதுக்கு 2 வருடம் வரை சிறை. ஆங்கிலேயர் போட்ட 365அ ஆண்களைப் பற்றி மட்டும்தான் பேசியது. 1995 திருத்தத்தில் 'ஆண்' என்பதை 'ஆள்' என்று மாற்றி பெண்களையும் உள்ளே இழுத்தது நாங்கள்தான். வைரவர்சூலம் சொல்லும் கலாசாரத்தில் இதையும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இந்தப் பிரிவுகளை மாற்ற 2023 இல் தனிநபர் சட்டமூலம் ஒன்று வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றம் அந்த வருடம் மே மாதம் சொன்னது. ஆனால் சட்டமூலம் நிறைவேறவில்லை, 2024 இல் அந்தப் பாராளுமன்றமும் கலைந்தது.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், சட்டம் தண்டிப்பது செயலை. 'நான் இப்படிப்பட்டவன்' என்று ஒருவர் சொல்வதை அல்ல. ஐயாவுக்கு நீங்கள் சொன்ன 'ஓம்' குற்றமில்லை. ஆனால் இந்தப் பிரிவுகள் இருக்கும்வரை யாரும் அதைக் காட்டி வெருட்டலாம். ஆகவே முகநூலில் வாக்குவாதம் வேண்டாம், தனிப்பட்ட விடயம் எதையும் எழுத்தில் கொடுக்கவேண்டாம்.

கடிதத்தின் பிரதி வேண்டுமென்றால் 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். ஒழுக்காற்று நடவடிக்கை என்றால் குற்றச்சாட்டைத் தந்து விளக்கம் கேட்டிருக்கவேண்டும். வாயால் 'நிக்கவேண்டாம்' என்பது அதில் சேராது. அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் கால எல்லை. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லையில் கழியாது. வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. திகதியைக் குறித்து வையுங்கள்.

பேர்வேண்டாம்
வியாழன், இரவு 11.47

இதுக்கெண்டே புதுக் கணக்கு திறந்தனான்.

நான் ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறன், வன்னிக்குள்ளதான். மனுசி, ரெண்டு பிள்ளையள். ஒருத்தருக்கும் தெரியாது. தெரியவும் வராது. பாலைப்பழம், உங்களை வாசிக்கப் பொறாமையா இருக்கு, கோவமாயும் இருக்கு. நீங்கள் சொன்னதாலதானே இவ்வளவும்? ஏழாவது சாதகத்துக்கும் ஒரு பொருத்தம் சரியில்லை எண்டு சொல்லியிருக்கலாம். அப்பிடித்தானே எங்கட ஆக்கள் சமாளிக்கிறவை. கொழும்பில ரெண்டு நாள் நிண்டிட்டு வந்து பிறகு ஆறு மாசம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது. எனக்கு 41. பழகிப்போச்சு.

நீங்கள் திறந்து இருக்கிறதால என்னை மாதிரி ஆக்களுக்கு நல்லமோ கூடாதோ எண்டு எனக்குத் தெரியேல்லை. உங்கட கதை ஸ்ராவ் றூமில வந்தா மற்றவை சிரிக்கிற அளவுக்கு நானும் சிரிக்கவேணும். கொஞ்சம் கூடச் சிரிச்சாலும் சந்தேகம், குறையச் சிரிச்சாலும் சந்தேகம்.

பாலைப்பழம்
வெள்ளி, காலை 6.20

எல்லாருக்கும் நன்றி. தகவல் உரிமை விண்ணப்பத்தைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. அந்தப் படிவம் எங்கட நூலகத்திலயே அறிவித்தல் பலகைக்குக் கீழ அடுக்கி இருக்கு. நான்தான் போட்டோப் பிரதி எடுத்து வைக்கிறனான்!

பேர்வேண்டாம் அண்ணை, உங்களுக்கு நான் என்ன சொல்ல? நீங்கள் சொன்னதில பிழையில்லை. பொருத்தம் சரியில்லை எண்டு ஆறு தரம் சொன்னனான். ஏழாவதுக்குப் பொய் முடிஞ்சுபோச்சு. துணிச்சல் எண்டு நினையாதேங்கோ, களைப்பு.

வைரவர்சூலம் அண்ணைக்கு: 2009 இல எனக்கும் பதின்ம வயசுதான். மிஞ்சின பிள்ளையளில நானும் ஒராள்.

பனிக்காலம்
வெள்ளி, இரவு 8.05

அமெரிக்காவில மினியாப்பொலிஸில இருந்து எழுதுறன், ஊர் ஒட்டுசுட்டான் பக்கம். நூலகம் எண்டு வாசிச்சவுடன இஞ்சத்தைக் கதை ஒண்டு ஞாபகம் வந்தது.

மைக்கேல் மெக்கொனல் எண்டு ஒரு நூலகர். 1970 இல மினசோட்டாப் பல்கலைக்கழக நூலகத்தில பட்டியலாக்கப் பகுதிக்குப் பொறுப்பா வேலை தாறம் எண்டு சொல்லியிருந்தவை. அந்த மே மாசம் 18 ஆம் திகதி அவரும் அவரின்ர துணையும் கலியாண அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிச்சினம், பேப்பரில வந்திட்டுது. வேலை போச்சு. வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில வெண்டார், 1971 இல மேன்முறையீட்டில தோத்தார். பிறகு ஹெனப்பின் மாவட்டப் பொது நூலகம் அவரை எடுத்தது. அங்க 37 வருசம் வேலை செய்து ஓய்வு பெற்றார். 2012 இல பல்கலைக்கழகத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். நான் இப்ப புத்தகம் எடுக்கிறதும் அந்த ஹெனப்பின் நூலகத்திலதான்.

தம்பி, விடாதேங்கோ.

முறிகண்டிக்கச்சான்
வெள்ளி, இரவு 8.31

பனிக்காலம் அண்ணை, கதை நல்லம். ஆனா மன்னிப்புக்கு 42 வருசம் காத்திருக்க இவருக்கு இப்ப 34. அதோட அங்க ஒரு நூலகம் கலைக்க இன்னொண்டு எடுத்தது. இஞ்ச அடுத்த சபைக்குப் போனாலும் கதை இவருக்கு முதலே பஸ் ஏறிப்போய் இறங்கி நிக்கும். 'விடாதேங்கோ' எண்டு பனிக்குள்ள இருந்து எழுதுறது லேசு.

பனிக்காலம்
வெள்ளி, இரவு 8.44

சரி, ஏற்றுக்கொள்ளுறன்.

அடிவளவு
சனி, பிற்பகல் 3.19

நான் திருநம்பி. பேப்பரில இன்னும் பெண். மேசைக்கு மற்றப் பக்கத்தில நிக்கிற ஆளின்ர கதை இது.

நூலகத்தில அங்கத்தவராச் சேர, படிவம், பிணையாளர் கையெழுத்து, அடையாள அட்டைப் பிரதி. எங்கட அடையாள அட்டை இலக்கத்தில ஒரு விசயம் இருக்கு, கனபேருக்குத் தெரியாது. பிறந்த நாள் வருசத்தில எத்தினையாவது நாள் எண்டது அதில வரும். பெண் எண்டால் அதோட 500 கூட்டி இருக்கும். நான் தலைமயிரை வெட்டி, சேட்டுப் போட்டு, குரலும் உடைஞ்சு போய் நிண்டாலும் அந்த மூண்டு இலக்கம் என்னைக் காட்டிக்குடுக்கும். அரச அலுவலர் எல்லாருக்கும் அதை வாசிக்கத் தெரியும். அஞ்சில இருந்து எட்டுக்குள்ள தொடங்கினால் நிமிர்ந்து ஒருக்கா முகத்தைப் பாப்பினம், திருப்பி அட்டையைப் பாப்பினம், பிறகு பக்கத்து மேசையைக் கூப்பிடுவினம்.

2016 இல சுகாதார அமைச்சு சுற்றறிக்கை விட்டிருக்கு. மனநல வைத்தியரிட்டப் போய் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் எடுத்தால் பிறப்புச் சான்றிதழை மாத்தலாம். நான் சான்றிதழ் எடுத்திட்டன், மற்ற அலுவல் இழுபடுது.

நான் சேரப் போன நூலகத்தில இரவல் மேசையில இருந்த ஆள் இலக்கத்தைப் பாத்தார், பாத்தது எனக்குத் தெரியும். ஒண்டும் கேக்கேல்லை. "அட்டையில என்ன பேர் போட?" எண்டு மட்டும் கேட்டார். அட்டையில நான் சொன்ன பேர் இருக்கு. அது பாலைப்பழமோ வேற ஆளோ தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனா உங்களை மாதிரி ஆக்கள் இடமாற்றம் எடுத்துப் போனா அந்தக் கதிரையில ஆர் இருப்பினம் எண்டதையும் கணக்கில எடுங்கோ. இதை உங்கட தலையில சுமத்திறது நியாயமில்லை எண்டும் தெரியும்.

பழையஇரவல்மேசை
ஞாயிறு, காலை 10.02

ஓய்வு பெற்ற நூலகர். இடம்பெயரேக்க புத்தகத்தை ரைக்டரில ஏத்தின தலைமுறை. தம்பி, உம்மட தலைப்பை விட்டு ஒரு தொழில்க் கேள்வி. உங்கட நூலகத்தில இந்த விசயமான புத்தகங்களை எங்க வைச்சிருக்கிறியள்?

சும்மா கேக்கேல்லை. புத்தகங்களை விசயப்படி எண் போட்டு அடுக்கிற டூயி தசாம்சப் பகுப்பில, 1932 பதிப்பில இது 132 இல, மனக்கோளாறுகளோட கிடந்தது. பிறகு 616.85, அதாவது வருத்தங்களோட. இப்ப 306.76, சமூகவியல். நாங்கள் படிச்ச காலத்தில பழைய பதிப்புத்தான் கையில. நானும் ஒரு புத்தகத்துக்கு 616.85 எண்டு பென்சிலால எழுதினதாய் ஞாபகம். அப்ப பிழையாத் தெரியேல்லை.

பாலைப்பழம்
ஞாயிறு, இரவு 9.15

ஐயா, நீங்கள் கேட்டது நல்லதாப் போச்சு.

எங்களிட்ட இருக்கிறது ஒரேயொரு புத்தகம். தமிழ்நாட்டுத் திருநங்கை ஒராள் எழுதின சுயசரிதை, அன்பளிப்பா வந்த பெட்டிக்குள்ள இருந்தது. எனக்கு முதல் இருந்தவர் 616.85 போட்டிருந்தார், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பக்கத்தில. நான் ஒரு பின்னேரம் முதுகுச் சீட்டை ஈரத்துணியால நனைச்சு உரிச்செடுத்து 306.768 ஒட்டினன். ஆரும் கேக்கேல்லை. இந்த 11 வருசத்தில நான் செய்த ஒரேயொரு புரட்சி அதுதான்!

அந்தப் புத்தகம் ஒருநாளும் இரவல் போனதில்லை, திகதித்தாள் வெள்ளையாக் கிடக்கு. ஆனா வைச்ச இடத்தில இருக்கிறதில்லை. போன வருசம் றாக்கை சரிபாக்கேக்க 633.18 இல, நெற்செய்கைப் புத்தகங்களுக்குப் பின்னால, சுவரோட சாய்ச்சு வைச்சிருந்தது. எடுத்துக்கொண்டுபோய் உரிய இடத்தில வைச்சன். ரெண்டு கிழமையால திரும்ப நெல்லுக்குப் பின்னால. ஆரோ வந்து, ஒளிச்சு வைச்சு, வரவர வாசிக்கினம். என்ர கையில தந்து முத்திரை குத்தினால் பேர் பதிவாகும் எண்ட பயம். என்னைப் பற்றி ஊருக்கே தெரிஞ்சும், என்னிட்டயே தர ஏலாத பயம்.

அதுக்குப் பிறகு நான் அதை எடுத்து வைக்கிறதில்லை. இருப்புக் கணக்கெடுப்பிலயும் 'உள்ளது' எண்டு சரி போட்டிட்டு விட்டிடுவன்.

(நெல் எண்டது மெய்யில்லை, வேறொரு றாக்கை. அந்த ஆளும் இதை வாசிக்கக்கூடும்.)

பேர்வேண்டாம்
ஞாயிறு, இரவு 11.58

வாசிச்சன்.

வைரவர்சூலம்
திங்கள், காலை 7.10

என்ர கருத்து மாறேல்லை. ஆனா மொட்டைக் கடிதம் போடுறது ஆம்பிளைத்தனமில்லை. சொல்லுறதெண்டா நேர வந்து சொல்லவேணும், நான் இஞ்ச சொல்லுற மாதிரி.

மல்லாவிஅன்ரி
திங்கள், காலை 7.25

உங்களுக்கும் இஞ்ச சூலம் எண்டுதானே பேர் தம்பி, அம்மா வைச்ச பேரோ அது?

பாலைப்பழம்
மூன்று கிழமைக்குப் பிறகு, சனி, மாலை 5.50

நடந்ததைச் சொல்லிவிடுறன்.

அன்ரி சொன்ன மாதிரி தாய்மாரிட்டக் கேட்டன். கேக்கிறதே பெரிய பாடு, ரெண்டுதரம் படலை வரைக்கும் போய்த் திரும்பினனான். ஆறு பேரிட்டப் போய் மூண்டு பேர் கையெழுத்து வைச்சினம். ஒராள் "இவர் வரேல்லை, கேட்டுச் சொல்லுறன்" எண்டா. ஒராள் தேத்தண்ணி தந்து, வேற கதை கதைச்சு, படலை வரைக்கும் கொண்டுவந்து விட்டா. மற்றவ கதவு திறக்கேல்லை. மூண்டாவதாக் கையெழுத்து வைச்சது, என்னை 'சேர்' எண்டு கூப்பிடுறவ.

அந்தக் கடிதத்தோட தகவல் உரிமைப் படிவத்தையும் குடுத்தன். நாலாம் நாள் அதே மேலதிகாரி கூப்பிட்டு, "உதெல்லாம் என்னத்துக்கு ஐசே, நான் வேண்டாம் எண்டு எப்ப சொன்னனான்? நீரே செய்யும், மற்ற உதவியாளரும் கூட நிக்கட்டும்" எண்டார். முறிகண்டிக்கச்சான் சொன்னதுதான், எழுத்தில இல்லாதது நடக்கேல்லை. மொட்டைக் கடிதத்தை இன்னும் நான் காணேல்லை, படிவத்தைத் திருப்பி எடுக்கவும் இல்லை. மற்றப் பிள்ளை ஒரு மூலையில கதிரை போட்டு எனக்குக் காவல் இருக்கிறா. முதலைக்கு அவவும் நல்லாச் சிரிக்கிறா.

போன வருசம் முதல் சனி 20 பிள்ளையளுக்கு மேல. இந்த முறை 9. இண்டைக்கு 13.

மற்றது, புத்தகம். இந்த இழையில எழுதின அடுத்த நாள் அந்த றாக்கைக்குப் பின்னால பாத்தன், இல்லை. வேற இடங்களிலயும் தேடினன், இல்லை. நான் எழுதினதால ஆளைப் பயப்பிடுத்திப்போட்டன் எண்டு ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. நேற்றுப் பூட்டேக்க பாத்தால் பழைய இடத்தில, சுவரோட சாய்ச்சபடி. உள்ளுக்குள்ள ஒரு பஸ் சீட்டு, முக்கால்வாசிப் பக்கத்தில. எங்கயிருந்து ஏறின பஸ் எண்டு பாக்காமல் மூடி வைச்சிட்டன்.

பழையஇரவல்மேசை
சனி, மாலை 6.30

நல்லது. அந்த றாக்கை எதா இருந்தாலும் தூசு தட்டேக்க கவனமாத் தட்டும், சீட்டு விழுந்திடும்.